பாவாயி கொண்டு போன சீசா

சவ்வரிசி செய்கிற கரட்டூர் சேகோ பேக்டரியில் கிழங்கு உரிக்கிற பெண்கள் இருபத்திரண்டு பேர். அதில் பாவாயிக்குக் கையும் வேகம், வாயும் வேகம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை இடது கையில் பிடித்துக் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறு, பிறகு கட்டை விரலை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு. தோல் முழுசாகக் கழன்று வந்துவிடும். பக்கத்தில் இருப்பவள் ஒன்றை உரிப்பதற்குள் பாவாயி மூன்றை முடித்து, யார் வீட்டு மருமகள் எதற்காகக் கோபித்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனாள் என்கிற விவரத்தையும் முடித்திருப்பாள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே அந்தப் பக்கம் சேகோ பேக்டரிகள் முளைக்க ஆரம்பித்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். பதினெட்டு வருசமாக அதே கொட்டகை, அதே தூண் ஓரம்.

புருசன் வாலிபத்திலேயே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் குஞ்சம்மாள். அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாள். மருமகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போகிறவன். வருசத்துக்கு இரண்டு தடவை தலை காட்டினால் பெரிய விசயம். அதனால் குஞ்சம்மாள் இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டிலேயே இருந்தாள். கொட்டகையிலும் அம்மாவுக்குப் பக்கத்து இடந்தான். அவளுக்கு வயது முப்பது, பாவாயிக்கு ஐம்பது தொட்டும் தொடாமலும்.

எண்பத்தொன்றாம் வருசம் ஒரு காலையில் பாவாயி அடுப்புப் பற்றவைத்துவிட்டு, வீடெல்லாம் புகையாக இருக்கிறதே என்று கதவைத் திறந்து வைத்தாள். வெளியிலும் புகையாக இருந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தால் புகை, இடது கண்ணைப் பொத்திப் பார்த்தால் புகை இல்லை. மூன்று மாதத்தில் இடது கண் அடியோடு இருண்டு போயிற்று. மகளைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கையில் சீமாறைக் கொடுத்துவிடுவான் என்று பயம். கூட்டுகிறவளுக்குக் கூலி பாதி. கிழங்கைப் பார்த்து உரிப்பதை விட்டுவிட்டுத் தடவி உரிக்கப் பழகினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பேச்சை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாள். பேசுகிறவளின் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள்.

வலது கண்ணிலும் மங்கல் விழ ஆரம்பித்தபோதுதான் அவள் கண் முகாமைப் பற்றி விசாரித்தாள்.

தை மாதம் தோறும் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கண் முகாம் நடக்கும். ஏதோ சங்கத்துக்காரர்கள் நடத்துவார்கள். புரை இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்து, பள்ளிக்கூட வகுப்பறைகளிலேயே வரிசையாகப் படுக்கவைத்து ஆப்பரேசன் செய்து, பச்சைத் துணியால் கண்ணைக் கட்டி, வீட்டுக்குப் போகும்போது சோடாப் புட்டி அடி மாதிரி ஒரு கண்ணாடியும் கொடுப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு மேசை, அதன் மேல் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், நீல மருந்து. மேசைக்குப் பின்னால் ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் ஆள் கந்தவேல். ஆளாளுக்கு மூத்திரத்தைச் சீசாவில் பிடித்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவான். நீலம் நீலமாகவே நின்றால் உள்ளே போகலாம். பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்குக் கத்தி வைத்தால் புண் ஆறாது, கண் அழுகிவிடும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எண்பத்திரண்டில் பாவாயியுடையது செங்கல் நிறம். எண்பத்து மூன்றிலும் செங்கல் நிறம். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு அடுத்த வருசம் வா என்று இரண்டு தடவையும் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது என்பதற்கு, அரிசிச் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது சுகாதார நிலையத்தில் ஒரு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இருக்காது. பாவாயி சோறு தின்பதே நாள் கிழமைக்குத்தான். மத்தியானம் பேக்டரியில் உடைசல் கிழங்கை அவித்துத் தட்டில் கொட்டுவார்கள், அது சும்மா கிடைக்கும். வயிற்றை ரொப்புவது அதுதான். சர்க்கரைச் சீக்கு என்றால் பணக்காரச் சீக்கு, நெய்யும் பலகாரமும் தின்கிறவர்களுக்கு வருவது என்று கொட்டகையில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். பாவாயிக்கு அது வந்திருக்கிறது என்றால் மேஸ்திரி சிரித்தே செத்திருப்பான்.

மூன்றாம் தடவைக்குப் போகும் முன்பு அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்தவள், இவள் முகாமிலிருந்து திரும்பியதைப் பார்த்துவிட்டிருந்த, எதிர் வரிசையில் உட்காரும் பெருமாயி. வழி ஒன்றும் புதிதல்ல, அந்த வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு சேகோ கொட்டகைக்கும் தெரிந்ததுதான். சீக்கு இல்லாத ஒருத்தியின் மூத்திரத்தைச் சீசாவில் பிடித்து மடியில் செருகிக்கொண்டு போய், மறைவுக்குப் போய்வருகிற மாதிரி போய்வந்து நீட்ட வேண்டியது. முந்நூறு பேர் முண்டுகிற கூட்டத்தில் எவனும் கேட்கப்போவதில்லை. பெருமாயியே அப்படித்தான் போய், இப்போது தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பாவாயி இரண்டு நாள் யோசித்தாள். புண் ஆறாவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம் ஒரு பக்கம். இன்னொரு வருசம் காத்திருந்தால் வலது கண்ணும் போய்விடும் என்கிற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது.

“என்னுதை எடுத்துட்டுப் போம்மா. எனக்கென்ன சீக்கா சீரழிவா,” என்றாள் குஞ்சம்மாள்.

எண்பத்து நான்கு தை மாதம் விடியற்காலை, பிள்ளைகளுக்கு வாங்கின இருமல் மருந்துச் சீசாவைச் சுடுதண்ணீரில் கழுவி, அவளே பிடித்துக் கொடுத்தாள். மூடியை இறுக்கித் துணியில் சுற்றினாள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் துணைக்கும் வந்தாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. மடியில் இருந்த சீசா அடிவயிற்றில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. மேசை நெருங்க நெருங்கப் பாவாயி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கந்தவேல் நிமிர்ந்து பார்த்தால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அவன் நிமிரவில்லை. சீசாவை வாங்கினான், சொட்டு விட்டான், குழாயை விளக்கில் காட்டினான். பாவாயி வலது கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த நீலத்தையே பார்த்தாள். நீலந்தான், நீலமாகத்தான் நிற்கும், இதோ உள்ளே போகச் சொல்லப் போகிறான்.

நீலம் பச்சையாயிற்று. பாவாயி கண்ணைக் கசக்கினாள். பச்சை மஞ்சளாயிற்று. குழாயில் ஒரு கொதி வந்து அடங்கியபோது நிறம் செங்கல்லாக இருந்தது.

“ஏம்மா, போன வருசமாட்டமே இந்த வருசமும் செங்கல்லாத்தான இருக்குது. மாத்திரை முழுங்கறீங்களா இல்லியா?” என்றான் கந்தவேல். அவளை அவனுக்கு ஞாபகம் இருந்தது.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. தன் சீசாவைத்தான் மாற்றி நீட்டிவிட்டோமோ என்று ஒரு கணம் மடியைத் தடவிப் பார்த்தாள். அவள் கொண்டு வந்ததே ஒரு சீசாதான். அது குஞ்சம்மாளுடையதுதான். விளங்கியதும், கந்தவேலிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் ஏமாற்றுக்காரி என்று பெயரை அடித்துவிடுவார்கள், இனி எந்த வருசமும் உள்ளே விடமாட்டார்கள், இருக்கிற அரைக்கண்ணும் அவ்வளவுதான். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர் இடித்தார். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

வாசலில் குஞ்சம்மாள் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

டோக்கன் தீர்ந்துபோய்விட்டதாம் என்றாள் பாவாயி. நமக்கு முன்னால் நாலு பேரோடு நிறுத்திவிட்டார்களாம். குஞ்சம்மாள் முகாம்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கூட நடந்தாள். பாவாயி வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொன்னவள்தான். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் மறந்துவிடுவாள். இந்தப் பொய் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்து இருபது நாள். அந்த இருபது நாளில் பாவாயிக்கு மகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அதுவரை கவனிக்காததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து குத்தியது. குஞ்சம்மாள் கொட்டகையில் ஒரு பொழுதுக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறாள் என்று எண்ணினாள். எத்தனை தடவை எழுந்து வேலிப்பக்கம் போகிறாள் என்று எண்ணினாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குகிறதே, இது போன வருசம் தைத்ததுதானே என்று நினைத்தாள். கை விரலில் கத்திக் கீறல் இருந்தது, அது ஆறாமல் ஒரு மாதமாக இருக்கிறதா, இல்லை இது புதுசா. கேட்கப் பயம். கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பாள்.

குழாயில் ஏதோ கோளாறு என்றும் ஒரு நாள் தேற்றிக்கொண்டாள். முந்தின ஆளின் குழாயைக் கழுவாமல் ஊற்றியிருப்பான். முந்நூறு குழாயில் ஒன்று மாறாதா. அந்தத் தெம்பு சாயங்காலம் வரைக்குந்தான் நின்றது. சர்க்கரை மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் காலை குஞ்சம்மாள் வேலிப்பக்கம் போய்வந்த பிறகு, கோழிக்கு இரை போடுகிற சாக்கில் அந்த இடத்தில் போய்க் குந்தினாள். தரை தெரிந்தது. தரையில் இருப்பது தெரியவில்லை. எறும்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற கண்ணா அது. குனிந்து குனிந்து பார்த்துவிட்டுக் கடைசியில் உள்ளங்கையை ஈரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கில் சுருக்கென்று கடித்தது. பிறகு மணிக்கட்டில். கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

தன் சீக்கைத்தான் மகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. தனக்குக் கண் போனபோதுகூட அவள் அப்படி ஒடிந்து போகவில்லை. மத்தியானக் கிழங்கை மகள் தட்டில் இருந்து அள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டாள். ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துச் சூட்டுக்கு நல்லது என்று குடிக்கச் சொன்னாள். பாகற்காயாக வாங்கி வந்தாள். கசப்பைத் தின்று தின்று குஞ்சம்மாளுக்கு நாக்கே செத்துப்போயிற்று. அம்மாவுக்கு ஆப்பரேசன் நடக்காத ஏக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெருமாயியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புப் பாவாயி காதில் விழுந்தது.

ஆனாலும் அவள் ஒரு சாக்கு வைத்திருந்தாள். மகளுக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, இப்போது என்ன அவசரம். தெரியாமல் போகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கண் ஆஸ்பத்திரி என்பது கண் தெரியாதவர்கள் போகிற இடம் என்பதுதானே அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சாக்கைப் பிடுங்கியவள் பேக்டரி முதலாளியின் மனைவி சௌந்திரம். அவளுக்கும் சர்க்கரை உண்டு, பத்து வருசமாக. சவ்வரிசி காய்கிற களத்துக்கு அவள் எப்போதாவது வருவாள். அன்று வந்தவள், காலையில் கோயமுத்தூருக்குக் கண் டாக்டரிடம் போகவேண்டும், கார் வரவில்லை என்று டிரைவரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். பாவாயி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், உங்களுக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, பிறகு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். சௌந்திரம் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள் என்றும், போன வருசம் அங்கே ரத்தம் கசிந்திருந்ததை ஒளி பாய்ச்சிச் சுட்டு அடைத்தார்கள் என்றும், தனக்கு அப்போது ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொன்னாள்.

“தெரியறப்பவே பார்த்தாத்தான் நிக்கும் பாவாயி. தெரியாமப் போனதுக்கப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்குது?”

அதைச் சொல்லிவிட்டு அவள் காரைப் பார்க்கப் போய்விட்டாள். பாவாயி களத்தில் வெயிலில் நின்றாள். ஒரே பேக்டரி, ஒரே சீக்கு. ஒருத்திக்குக் கண் தெரிகிறபோதே டாக்டர் பார்க்கிறார். இன்னொருத்திக்குக் கண் போன பிறகு குழாயைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இதை அப்படி யோசித்து ஆத்திரப்படக்கூட அவளுக்கு அப்போது நேரமில்லை. இருபது நாள் போய்விட்டதே என்பதுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். கந்தவேல் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றான்.

“மாத்திரைக்கு வரலீங்க சார்,” என்றாள் பாவாயி. “அன்னிக்கு நான் குடுத்தது என்னுது இல்லீங்க. எம் புள்ளையோடதுங்க.”

கந்தவேல் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தான். அவனுக்கு முதலில் கோபந்தான் வந்தது. போன வருசம் ஒரு கிழவருக்கு ஆப்பரேசன் செய்த கண் சீழ் வைத்து அழுகிப்போய், ஏன் எப்படி என்று தெரியாமல் டாக்டர்கள் தன்மேல் பாய்ந்ததை அவன் மறக்கவில்லை. இப்படி எத்தனை பேர் செய்கிறீர்கள் என்று கேட்டான். எல்லாருந்தான் என்றாள் பாவாயி. தன் பெயரை அடிப்பதானால் அடித்துக்கொள்ளச் சொன்னாள். இனிமேல் முகாம் பக்கமே வரவில்லை, மகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் என்று கும்பிட்டாள்.

 கந்தவேல் அலமாரியிலிருந்து முகாம் நோட்டை எடுத்துப் புரட்டினான். ஏழு வருசத்து நோட்டு. செங்கல் என்று எழுதின பெயருக்கு நேராகத் திருப்பி அனுப்பப்பட்டார் என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்துக்கு நான்கு, ஐந்து.

“இவங்களையெல்லாம் திருப்பி அனுப்பறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டனுங்கம்மா,” என்றான். “எங்க போனாங்க, கண்ணு என்னாச்சுன்னு நான் ஒருத்தரைக்கூடக் கேட்டதில்ல.”

அந்த நோட்டு என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடுத்த வருச முகாமில் கந்தவேல் டாக்டர்களோடு மல்லுக்கட்டி, செங்கல் நிறம் வந்தவர்களுக்கென்று தனி வரிசை போட வைத்தான். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்து, கசிவு இருந்தவர்களைச் சீட்டு எழுதிக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். ஏழு வருசத்துப் பெயர்களில் அவன் தேடிப் போனது நாற்பத்தொரு பேரை. பதினொரு பேருக்குத்தான் பார்க்கிற மாதிரிக் கண் மிச்சமிருந்தது. இதற்காக அவனுக்கு யாரும் மாலை போடவில்லை. லேப் வேலையை விட்டு ஊர் சுற்றுகிறான் என்று மேலே எழுதிப்போட்டார்கள்.

பாவாயிக்கு அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவள் கவலை, மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். சுகாதார நிலையத்திலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்து தூண் ஓரம் உட்கார்ந்தாள். ஒரு கிழங்கை எடுத்தாள். உரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், சீசாவில் ஆரம்பித்து எறும்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். குஞ்சம்மாளின் கத்தி நின்றது.

“இருவது நாளு எங்கூடயே உக்காந்து கெழங்கு உரிச்சிருக்கறே. சொல்லலியேம்மா.”

 என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் பாவாயி வந்திருந்தாள். ஆனால் குஞ்சம்மாள் திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“எனக்கும் ஆறு மாசமா கண்ணுக்கு முன்னால கருப்பா மயிராட்டம் மெதக்குதும்மா. தொடச்சாலும் போவல. நீயே கண்ணு போயிக் கெடக்கறே, இதை வேற எதுக்குச் சொல்றதுன்னு உட்டுட்டேன். கெழங்கைக்கூட உன்னையாட்டம் தடவித்தான் உரிக்கறேன்.”

விரல் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்று பாவாயிக்கு அப்போது புரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருமே தடவிக்கொண்டிருந்திருக்கிறார்கள், மகள் தடவியது இவளுக்குத்தான் தெரியவில்லை. இருபத்திரண்டு பேர் இருக்கிற கொட்டகை என்றுகூடப் பார்க்காமல் அவள் மகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கந்தவேல் கொடுத்த கடிதத்தோடு, ஈரோட்டில் பஸ் மாறி, கோயமுத்தூரில் இலவசப் பகுதி வைத்திருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பிள்ளைகளைப் பெருமாயியிடம் விட்டிருந்தார்கள். பெஞ்சியில் உட்கார வைத்து இருவர் கண்ணிலும் எரிகிற சொட்டு மருந்தை விட்டார்கள். கால் மணிக்கு ஒரு தடவை வந்து மறுபடி விட்டார்கள். பக்கத்தில் இருந்த குஞ்சம்மாளின் தொடை ஆடிக்கொண்டே இருந்தது. பாவாயி அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள். இவளுக்கும் கண் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது, இரண்டு குருடிகள் ஒரு வீட்டில் என்ன செய்வது என்று மனசு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

முதலில் குஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள். இருட்டு அறையில் டாக்டரம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கசிவு இருக்கிறது, வலது கண்ணில் கூடுதல், ஆனால் நடுப்பகுதி தப்பியிருக்கிறது, இன்றைக்கே ஒரு கண்ணுக்கு ஒளி பாய்ச்சிவிடலாம், அடுத்த மாதம் இன்னொன்றுக்கு என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பார்வை நிற்கும். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் தான் பார்த்துப் பிரயோசனம் இருந்திருக்காது என்றும் சொன்னார்.  இத்தனை நாளாகப் பாவாயியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது.

குஞ்சம்மாளை வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, டாக்டரம்மா பாவாயியை உட்கார வைத்து அவள் கண்ணையும் பார்த்தார். இடது கண்ணைக் கொஞ்சமும் வலது கண்ணை நிறையவும் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, உங்களுக்குப் புரை கொஞ்சந்தான் இருக்கு. பார்வையை மறைக்கிறது அது இல்லை. பின்னாடி விழித்திரையே சுருங்கிப் போச்சு. மூணு வருசத்துக்கு முன்னாடி யாராவது உள்ளே பார்த்திருந்தா நிறுத்தியிருக்கலாம்.”

மூன்று வருசமாக எந்த வாசலைத் தாண்டப் பாவாயி தவம் கிடந்தாளோ, அந்த வாசலுக்கு உள்ளே அவளுக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. புரையை எடுத்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. மூன்று தை மாதமும் அவள் மூத்திரம் என்று வாங்கியதைக் காய்ச்சிப் பார்த்தார்களே தவிர, அவள் கண்ணுக்குள் ஒருத்தரும் பார்க்கவில்லை. இருக்கிற மங்கல் எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். ஒரு வருசத்துக்கு மேல் நிற்காது என்றார் டாக்டரம்மா. சரிங்க என்று சொல்லிவிட்டுப் பாவாயி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை. குஞ்சம்மாள் முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாவாயிக்கு எப்போதும் தெரிகிற அளவுகூட அன்று தெரியவில்லை. பஸ்கள் எல்லாம் நிற்கிற நிழல்களாக இருந்தன. அவள் நின்று காது கொடுத்தாள். பொள்ளாச்சி என்றது ஒரு குரல், திருப்பூர் என்றது ஒரு குரல். கடைசியில் தூரத்தில் ஈரோடு ஈரோடு என்று ஒரு கண்டக்டர் கத்துவது கேட்டது. மகளை இழுத்துக்கொண்டு அந்தக் குரலைப் பார்த்து நடந்தாள். இரண்டு பேரும் ஒரு கரும்புச்சாற்று வண்டியில் இடித்துக்கொண்டார்கள். வண்டிக்காரன் கண் தெரியவில்லையா என்று கேட்டான். ஆமாங்க, ரெண்டு பேருக்கும் தெரியலீங்க என்றாள் பாவாயி.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் குஞ்சம்மாள் கேட்டாள். “உனக்கு எப்பம்மா ஆப்பரேசன் பண்றாங்களாம்?”

அடுத்த மாதம் என்று சொல்வதற்கு நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது. அதைச் சொன்னால் வீடு வரைக்கும் மகள் நிம்மதியாக வருவாள். ஆனால் பாவாயிக்கு அந்த இருபது நாள் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

“எனக்கு இல்லியாம் சாமி. பின்னால கெட்டுப்போச்சாம். இருக்கறதும் ஒரு வருசந்தானாம். உனக்கு நிக்குமாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீ வந்தாவோணும், நான் இருந்தாலும் இல்லாட்டியும்.”

பஸ் புறப்பட்டது.  குஞ்சம்மாளின் தோள் குலுங்குவது பாவாயிக்குத் தெரிந்தது. முந்தானைக்குள் கையை விட்டு மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரம். அவசர அவசரமாகத் தன் சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தாள்.

“அழுவாத சாமி. கண்ணுல மருந்து உட்டிருக்குது, கரைஞ்சு போயிரும்.”